பழைய .315 ரைபிள் மக்கர் பண்ணுதா? மொதல்ல எண்ணெயைப் பாருங்க

அப்புச்சியோட கணக்கு நோட்டுல 1969 ஆவணியில ஒரு வரி இருக்குதுங்க. "ரைபிள் 1-க்கு 650, தோட்டா 20-க்கு 22". அதுக்கு மேல் வரி கடலைப் புண்ணாக்கு, கீழ் வரி அம்மிணிக்குக் கொலுசு. அன்னிக்கு பவுன் நூத்தி நாப்பது சொச்சம், அப்படின்னா நாலரை பவுன் காசைக் குடுத்து பன்னிக்காவலுக்கு ஒரு துப்பாக்கி வாங்கியிருக்காரு மனுசன். நான் 2014-ல அதே .315, அதே இச்சாப்பூர் அரசாங்கத் துப்பாக்கி பேக்டரி பண்டம், செகண்ட் ஹேண்ட்ல 35,000-க்கு வாங்கினேன், அன்னிக்கு பவுன் இருபத்தொண்ணு இருபத்திரெண்டாயிரம், அதாவது ஒன்றரை பவுனுக்குக் கொஞ்சம் மேல. துப்பாக்கி எறங்கிருச்சு, தோட்டா ஏறிருச்சு. அப்புச்சிக்கு ஒரு தோட்டா ஒண்ணேகால் ரூபாகூட வரல, எனக்கு ஒண்ணே நூறு ரூபாயைத் தொட்டுது.

நம்ம தோட்டம் பாலக்காடு மாவட்டத்துல, கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கால. கடலையும் தென்னங்கன்னும் வெச்சவனுக்கு ராவுல பன்னி என்ன பண்ணும்னு சொல்ல வேண்டியதில்ல. 2022 மே மாசத்துல கேரளாவுல பஞ்சாயத்துத் தலைவருக்கே பன்னியைச் சுட உத்தரவு போடுற அதிகாரம் வந்துச்சு பாருங்க, அதுக்கப்புறம்தான் வருசக்கணக்கா உறையில தூங்கிட்டிருந்த ரைபிளெல்லாம் ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு, வந்ததுல பாதி ஓடல. நான் துப்பாக்கி மிஸ்திரி கெடையாதுங்க, போர் மோட்டார் ரீவைண்டிங் பண்றவன். ஆனா சுத்தி இருக்கற தோட்டத்துக்காரங்க "ஒருக்கா பாத்துச் சொல்லு தம்பி"ன்னு லைசன்ஸையும் துப்பாக்கியையும் எடுத்துட்டு சாளைக்கு வந்து, பாத்துப் பாத்து ஒரே கோளாறே திரும்பத் திரும்ப வர்றதைக் கவனிச்சுத்தான் இதை எழுதறேன்.

## கை வைக்கறதுக்கு முன்னாடி

மேகசினை (தோட்டா அடுக்கற பெட்டி) கழட்டுங்க, போல்ட்டை (கைப்பிடி வெச்ச, முன்னும் பின்னும் நகர்ற தண்டு) பின்னால இழுங்க, சேம்பருக்குள்ள (பேரலோட பின்முனையில தோட்டா உக்கார்ற எடம்) கண்ணால பாருங்க, அப்பறம் சுண்டு விரலை விட்டும் பாருங்க. "அதெல்லாம் காலிதான்"னு கொண்டு வந்தவர் சொன்னாலும் இதைப் பண்ணுங்க, அப்படிச் சொன்ன ஒருத்தரோட ரைபிள்ல இருந்து நானே ஒரு தோட்டாவை வெளிய எடுத்திருக்கேன். தோட்டா டப்பா வேற ரூம்ல இருக்கட்டும்.

வேற ஒருத்தரோட துப்பாக்கின்னா லைசன்ஸ்காரர் பக்கத்துலயே உக்காந்திருக்கணும், வெச்சுட்டுப் போறேன் சாயந்திரம் வர்றேன்னா வேண்டாம்னு சொல்லிருங்க. ரிப்பேர் பண்றதுக்கே தனி லைசன்ஸ் வேணும், அது ஆயுதச் சட்டத்துலயே இருக்குது. அதனால இங்க நான் சொல்றது துடைக்கறது, கழுவறது, பாக்கறது, அவ்வளவுதான். அரத்தை எடுக்கற வேலை எதுவும் நம்ம வேலை இல்ல.

## வாங்கப் போன எடத்துல விலை ரொம்ப கம்மியா சொல்றாங்க

நல்ல காரணமாவும் இருக்கலாம். 2019 டிசம்பர்ல சட்டம் மாறி, ஒருத்தருக்கு மூணு துப்பாக்கிங்கறது ரெண்டாச்சு, மூணாவதை ஒரு வருசத்துக்குள்ள ஒப்படைக்கணும்னாங்க. எனக்குத் தெரிஞ்ச டீலர் கடையில அப்ப சுவரெல்லாம் துப்பாக்கியா சாஞ்சு நின்னுச்சு. எடம் அடைக்குதுன்னு கேட்ட விலைக்குத் தள்ளினாரு. அப்பாரு வெச்சிருந்தது, பையன் பெங்களூர்ல, லைசன்ஸ் எடுக்க இஷ்டமில்லைங்கற கதையும் நெறைய. அதுல எல்லாம் தப்பில்ல.

கெட்ட காரணத்தைக் கண்டுபுடிக்க இந்த வரிசையில பாருங்க.

நம்பரைப் பாருங்க. பாடியில இருக்கற நம்பர், பேரல் நம்பர், போல்ட் கைப்பிடிக்குப் பின்னாடி வெட்டியிருக்கற நம்பர், லைசன்ஸ் புஸ்தகத்துல எழுதியிருக்கறது, நாலும் ஒண்ணா இருக்கணும். பாடியில நம்பர் தேஞ்சிருக்கு, யாரோ ராவியிருக்காங்கன்னு தோணுச்சுன்னா, சும்மா குடுத்தாலும் கீழ வெச்சுட்டு வெளிய வந்துருங்க. அடையாள நம்பர் இல்லாத துப்பாக்கியை விக்கறதே குத்தம். போல்ட் நம்பர் மட்டும் மாறியிருந்தா அது குத்தம் இல்ல, ஆனா வேற துப்பாக்கியோட போல்ட், மிஸ்திரி கேஜ் போட்டு அளந்து பாக்காம ஒரு தோட்டாகூடப் போடக்கூடாது. அந்தச் செலவை விலையில கழிச்சுப் பேசுங்க.

போர், அதான் பேரல் துளையோட அளவு, என்னன்னு பாருங்க. பாக்க .315 மாதிரியே இருக்கும், .303-ஆ இருக்கும். அது பட்டாளத்து அளவு, சாதாரண லைசன்ஸ்ல வராது. வெள்ளைக்காரன் காலத்துலயே ஜனங்ககிட்ட .303 இருக்கக் கூடாதுன்னு வெச்சதாலதான் இந்த 8 மில்லிமீட்டர் .315 நம்மூர்ல இத்தனை பரவுச்சு.

அப்பறம் பேப்பர். வித்தவர் லைசன்ஸ், உங்க லைசன்ஸ், ரெண்டுலயும் யுஐஎன்ங்கற தனி அடையாள நம்பர். டீலர் வழியா இல்லாம ஆளுக்கு ஆள் விக்கறதுன்னா கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்துல தெரிவிச்சு 45 நாள் கழிச்சுத்தான் கைமாத்தணும். லைசன்ஸ்காரர் காலமாயிட்டாருன்னா துப்பாக்கி ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைச்சிருக்கணும், வீட்டு பீரோவுல இருந்து எடுத்துக் காட்டுனாங்கன்னா டீயைக் குடிச்சுட்டுக் கெளம்பிருங்க.

பி.எஸ்.ஏ. கம்பெனி மாதிரி இங்கிலாந்து பர்மிங்காம் சரக்குக்கு மட்டும் விலை எறங்கவே எறங்காது, 1980-கள்ல இறக்குமதியை அடைச்சதுல இருந்து உள்ள இருக்கறதுதான் இருப்பு. எங்க மாமா ஒருத்தரு பேருக்காகவே என்னோடதைப் போல மூணு மடங்கு குடுத்து ஒண்ணு வாங்கினாரு, கட்டை கண்ணாடி மாதிரி மின்னுது, பேரலுக்குள்ள பாத்தா பழைய ஜி.ஐ. பைப்பு. பேருக்குக் குடுக்கறது உங்க இஷ்டம், ஆனா பேரலுக்குள்ள பாத்துட்டுக் குடுங்க.

## ட்ரிகரை இழுத்தா "டிக்"குன்னு சத்தம், வெடிக்கல

பத்துக்கு ஏழு இதுதான் வருது, அதனால இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதறேன்.

மொதல்ல அப்படியே, முனையை ஆளில்லாத பக்கம் காட்டிட்டு, ஒரு நிமிசம் முழுசா நில்லுங்க. லேட்டா வெடிக்கற தோட்டா உண்டு. அப்பறம் போல்ட்டை மெதுவாத் தெறந்து தோட்டாவை எடுத்து, அதோட அடியில நடுவுல இருக்கற கேப்புல (மருந்தைப் பத்த வெக்கற சின்ன மூடி) போல்ட்டுக்குள்ள இருக்கற ஊசி குத்துன குறி எப்படி இருக்குன்னு பாருங்க. அந்தக் குறிதான் எல்லாத்தையும் சொல்லும்.

குறி நல்லா ஆழமா இருக்கு: துப்பாக்கி மேல தப்பில்ல. தோட்டா பழசு, இல்ல ஈரம் ஏறுனது. வேற லாட்ல ஒண்ணு போட்டுப் பாருங்க. அப்புச்சி காலத்துத் தோட்டா இருக்குன்னு ஆசைப்படாதீங்க, பித்தளையில பச்சை பூத்திருந்தா போடவே போடாதீங்க, டீலர்கிட்டயோ ஸ்டேஷன்லயோ ஒப்படைச்சுருங்க. வெடிக்காத தோட்டாவையே திரும்பத் திரும்பப் போட்டு அடிச்சுப் பாக்கறது ஒரு கெட்ட பழக்கம்.

குறி லேசா, கீறுன மாதிரி இருக்கு: இங்கதான் எண்ணெய் வருது. உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன், இது எல்லா நாளும் வருதா, இல்ல மார்கழி தை மாசத்து விடியக்காலையில மட்டும் வருதா?

குளிர்ல மட்டும்னா தேங்கா எண்ணெய், சத்தியமாத் தேங்கா எண்ணெய். நம்ம பக்கம் தேங்கா எண்ணெய் போடாத பண்டமே இல்ல, தலைக்கும் அதுதான் கதவுக் கீலுக்கும் அதுதான், துப்பாக்கிக்கும் அதையே போட்டுடறாங்க. பாட்டில்ல அது உறையறதை நீங்களே பாத்திருப்பீங்க, 24 டிகிரிக்குக் கீழ போனா வெண்ணெய் மாதிரி ஆயிரும். போல்ட்டுக்குள்ள ஸ்பிரிங்கைச் சுத்தியும் அதே கதைதான். பகல்ல உருகிப் போயி நல்லா அடிக்கும், பன்னி வர்ற நேரத்துல ஊசி வெண்ணெய்க்குள்ள நீச்சலடிச்சுட்டு வந்து கேப்பைத் தொட்டுட்டு நிக்கும். என் ரைபிள்லயே மொத மார்கழி இதுதான் ஆச்சு. ஸ்பிரிங் போச்சுன்னு முடிவு பண்ணி பாலக்காட்டுல ஒரு வயசான மிஸ்திரிகிட்ட தூக்கிட்டுப் போனேன், அவர் போல்ட்டை மூக்குகிட்ட கொண்டு போயி மோந்து பாத்துட்டுச் சிரிச்சாரு, "வெளிச்செண்ண தலையில தேச்சா மதி மோனே"ன்னாரு, தேங்கா எண்ணெயைத் தலையில தேச்சாப் போதும் மகனேன்னு. அன்னிக்கு வாங்குன கூலி 200 ரூபா, நியாயமா என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம்.

எல்லா நாளும் வருதுன்னா எண்ணெய் காஞ்சு தூசி சேந்து பிசின் ஆயிருக்கலாம், அதுக்கும் வைத்தியம் ஒண்ணுதான். போல்ட்டை மட்டும் வெளிய எடுங்க. உள் ஊசியைக் கழட்டப் பாக்காதீங்க, அதுக்குத் தனி டூல் இருக்கு, கட்டிங் பிளேயர்ல புடிச்சுத் திருகி மரையைக் கெடுத்தவங்க மூணு பேரை எனக்குத் தெரியும். முழு போல்ட்டையும் ஒரு டப்பா மண்ணெண்ணெய்ல ஒரு ராத்திரி ஊறப் போடுங்க. காலையில நல்லாக் குலுக்கி எடுத்து, பஞ்சர் கடையில காத்து அடிச்சு, வெயில்ல ஒரு மணி நேரம் நிக்க வைங்க. அழுக்கு காப்பி டிகாசன் மாதிரி வடியும். மண்ணெண்ணெய் தெளிவா வர்ற வரைக்கும் ரெண்டு மூணு வாட்டி. கடைசியா தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு, ரெண்டே ரெண்டு சொட்டுங்க. கிரீஸ் வேண்டாம், எஞ்சின் ஆயில் வேண்டாம், தெறந்து விட்டு ஊத்தவும் வேண்டாம்.

கழுவியும் குறி லேசாத்தான் விழுதுன்னா அடுத்தது மெயின் ஸ்பிரிங் தளந்திருக்கும், அதுக்கடுத்து ஊசி முனை தேஞ்சிருக்கும். ஸ்பிரிங் சின்னச் செலவு, ஊசி கொஞ்சம் கூட. ரெண்டும் மாத்தியும் சரியாகலைன்னா போல்ட் தலைக்கும் சேம்பருக்கும் நடுவுல இடைவெளி கூடியிருக்கு, அது பெரிய வேலை. மூணும் மிஸ்திரி பாடு.

குறியே இல்ல: ஊசி ஒடைஞ்சிருக்கு. மேல படிக்காம மிஸ்திரிகிட்ட போங்க.

## போல்ட் இறுக்கமா இருக்கு

மூடும்போது கடைசி ஒரு இஞ்சு மட்டும் இறுக்கமா, அமுக்கித் தள்ளணும் போல இருந்தா அது கோளாறே இல்லைங்க. இந்த லீ என்ஃபீல்டு சாதி ரைபிள் எல்லாம் மூடும்போதுதான் ஸ்பிரிங்கை ஏத்தும். இதைக் கோளாறுன்னு நெனச்சு விலை கொறைச்சுக் கேட்டு வாங்குன கெட்டிக்காரரும் உண்டு, அவர் பேரைச் சொல்ல மாட்டேன்.

முழு நீளத்துக்கும் இறுக்கம்னா பிசின், மண்ணெண்ணெய். ஒரு எடத்துல மட்டும் ஒரசுதுன்னா பாடிக்குள்ள துரு புள்ளியா இருக்கும், எண்ணெய் நனைச்ச துணியில தேய்ங்க. போல்ட் உள்ளயே போகமாட்டேங்குதுன்னா நீங்க கழட்டும்போது போல்ட் தலையைத் திருப்பி விட்டுட்டீங்க, அதைக் கடைசி வரைக்கும் திருகி மறுபடி போடுங்க. காலியா இருக்கும்போது சொகமா மூடுது, தோட்டா இருந்தா மட்டும் மூடலைன்னா சேம்பர்ல ஏதோ அடைச்சிருக்கு இல்ல தோட்டா உப்பியிருக்கு. சுத்தியலால தட்டி மூடாதீங்க. சொன்னா சிரிப்பீங்க, தட்டியிருக்காங்க.

## காலி கேஸ் வெளிய வரமாட்டேங்குது

சேம்பரைத் துடைக்கறவங்க ரொம்ப கம்மி, பேரலைத் துடைச்சதோட சரி. பேரலை விட அகலமா இருக்கறதால துணி அதை ஒரசாமலே போயிரும். ஒரு குச்சியில தடியாத் துணி சுத்தி, மண்ணெண்ணெய்ல நனைச்சு, சேம்பருக்குள்ள விட்டுத் திருப்பி எடுங்க. கருப்பா வருதா, அதுதான் காரணம். பாதிப் பேருக்கு இதோட சரியாயிரும்.

அடுத்து, போல்ட் தலையில இருக்கற கொக்கி. அதுக்கு அடியில அழுக்கு அடைச்சிருந்தா விளிம்பைப் புடிக்காது. பல் குத்துற குச்சியால நோண்டி எடுங்க. கொக்கி முனை ஒடைஞ்சிருந்தா, ஸ்பிரிங் தொளதொளன்னு இருந்தா, சின்ன பார்ட்ஸ், மிஸ்திரி மாத்திருவாரு. சுத்தம் பண்ணியும் வந்த காலி கேஸ் மேல சின்னச் சின்னக் குழி அச்சு விழுந்திருக்குன்னா சேம்பர் அரிச்சுப் போச்சு, அதுக்கு மருந்து கெடையாது. பேரல் மாத்தற செலவுக்கு இன்னொரு துப்பாக்கியே வாங்கலாம்.

## மொத தோட்டா ஏறுது, ரெண்டாவது சிக்குது

.315 தோட்டாவுக்கு அடியில விளிம்பு நீட்டிட்டு இருக்கும். மேகசின்ல அடுக்கும்போது மேல இருக்கறதோட விளிம்பு கீழ இருக்கறதோட விளிம்புக்கு முன்னாடி உக்காரணும், பின்னாடி உக்காந்தா ரெண்டும் கோத்துக்கிட்டு நிக்கும். நூத்துக்குத் தொண்ணூறு இதுதான். பைசா செலவில்ல. அப்படி அடுக்கியும் சிக்குனா மேகசின் வாய் நசுங்கியிருக்கான்னு பாருங்க, நசுங்கியிருந்தா நீங்க வளைக்காதீங்க.

## மேலெல்லாம் துரு

எலெக்சன் துருன்னே இதுக்குப் பேரு வெச்சிருக்கோம். 2020 டிசம்பர்ல பஞ்சாயத்து எலெக்சன், 2021 ஏப்ரல்ல அசெம்பிளி, எலெக்சனுக்காகத் துப்பாக்கியை ரெண்டு வாட்டி டெப்பாசிட் பண்ணி ரெண்டு வாட்டி திருப்பி வாங்குனோம், ரெண்டாவது வாட்டி வாங்கறப்ப எம்பட ரைபிள் மஞ்சப்பொடி தூவுன மாதிரி வந்துச்சு. கேட்டா, உறை உங்களுதுதானேன்னாங்க. வாஸ்தவம்தான், ரெக்சின் உறையில போட்டுக் குடுத்தது நாந்தான், அது மழை ஈரத்தை உறிஞ்சு வெச்சுக்கும்.

கை நகத்துல ஒரசுனா வர்ற துருன்னா மெல்லிசு எண்ணெய் தடவி ஒரு நாள் விட்டு, நாலு சைபர் (0000) ஸ்டீல் வூல்ல, அதான் மெல்லிசான இரும்புப் பஞ்சுல, கை அழுத்தாம தேய்ங்க. திட்டுத் திட்டா ஏறி நிக்கற துருவுக்கு என்கிட்ட ஒரு ஆயுதம் இருக்கு, தாமரை போட்ட பழைய 20 பைசா காசு. பித்தளைச் சாதி, இரும்பை விட மெதுவு, எண்ணெய் தடவிட்டு அதோட விளிம்பால சொரண்டுனா துரு மட்டும் வரும், கருநீலப் பூச்சு போகாது. அந்தக் காசு இல்லைன்னா இப்ப வர்ற மஞ்சக்கலர் அஞ்சு ரூபா காசும் வேலைக்காகும். 20 பைசா வேலைக்கு அஞ்சு ரூபா, விலைவாசி அப்படித்தானே ஏறியிருக்கு.

உப்புத்தாள், ஆசிட், பாத்ரூம் கழுவற லிக்விட் எதுவும் கிட்ட வரக்கூடாது. நம்பர் இருக்கற எடத்துல ஸ்டீல் வூல்கூட வேண்டாம், துணி மட்டும்.

தேய்ச்சதுக்கப்பறம் குழி தெரியுதுன்னா, வெளிப்பக்கம்னா பரவால்ல, அழகு போச்சு அவ்வளவுதான். புதுசா கருநீலம் ஏத்தறது மிஸ்திரி வேலை, அதுக்குக் குடுக்கற காசுக்கு நாலு மூட்டை உரம் வாங்கலாம்ங்கறது என் கட்சி. கட்டைக்குள்ள மறைஞ்சிருக்கற பேரல் அடிப்பாகத்துல குழி ஆழமா இருந்தா மட்டும் அவர் பாத்தாகணும்.

அடுத்த எலெக்சனுக்குக் குடுக்கறப்ப பேரலுக்குள்ள எண்ணெய், மேலுக்கு மெல்லிசா கிரீஸ், உறை பருத்தித் துணி. பேரல் வாயில துணி அடைச்சுக் குடுக்காதீங்க, மறந்துட்டுச் சுட்டா பேரல் பொளந்துரும்.

## பேரலுக்குள்ள கருப்பா, மங்கலா இருக்கு

போல்ட்டைக் கழட்டிட்டு டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சுப் பின்பக்கமா பாருங்க. மங்கலுக்கு அழுக்கும் காரணமா இருக்கலாம், அரிப்பும் காரணமா இருக்கலாம், துடைக்கற வரைக்கும் தெரியாது. அதனால வாங்கும்போது "சும்மா அழுக்குதாங்க"ன்னு விக்கறவர் சொன்னா, அப்ப இங்கயே துடைங்கன்னு சொல்லுங்க.

துடைக்கறது எப்பவும் சேம்பர் பக்கமிருந்து முன்னால. முன் வாயில இருந்து கம்பியை விட்டா வாய் விளிம்பு தேயும், குறி போயிரும். துணியைக் கட்டி பேரலுக்குள்ள இழுக்கற புல்த்ரூ கயிறுன்னா நேரா இழுங்க, ஒரு பக்கமா சாச்சு இழுத்து இழுத்துக் கயிறே இரும்புல வாய்க்கால் வெட்டியிருக்கறதைப் பாத்திருக்கேன்.

பழைய தோட்டா சுட்ட துப்பாக்கின்னா கேப்புல இருந்து உப்பு படியும், எண்ணெய் அதைக் கரைக்காது, மேல மூடி வெச்சு உள்ள அரிக்க விடும். பட்டாளத்துல பண்ணுன மாதிரி கொதிக்கற தண்ணியைப் புனல் வெச்சு சேம்பர் பக்கமா ஒரு சொம்பு ஊத்துங்க, கட்டையில படாம. சூட்டுலயே காஞ்சுரும், ஒடனே துணி, அப்பறம் எண்ணெய். வெள்ளைத் துணி வெள்ளையா வர்ற வரைக்கும்.

துடைச்சப்பறம் வரிவரியா சுழி (குண்டைச் சுத்த வெக்கற காடி) தெளிவாத் தெரிஞ்சா நீங்க அதிர்ஷ்டசாலி. சுழி தெரியுது, நடுநடுவுல புள்ளி இருக்கு, அதுவும் ஓடும், அழுக்கு சீக்கிரம் ஏறும் அவ்வளவுதான், என்னோடது அந்த ரகம். சுழியே தெரியலைன்னா பேரல் முடிஞ்சு போச்சு. உள்ள ஒரு எடத்துல மோதிரம் மாதிரி நெழல் தெரிஞ்சா பேரல் வீங்கியிருக்கு, எந்த விலைக்கும் வேண்டாம்.

## குறி வெச்ச எடத்துல படல

அனுமதி இருக்கற ரேஞ்சுல, மணல் மூட்டை மேல கையை ஊனிச் சுட்டுப் பாத்துட்டு அப்பறம் பேசுங்க. தோட்டத்துல தென்னமரத்தைக் குறி பாக்கறது குத்தமும்கூட, பாவமும்கூட.

ஒரே லாட் தோட்டாவா? மாறி மாறிப் போட்டா மாறி மாறித்தான் போகும். முன் குறி முள் ஆடுதா? நகத்தால தள்ளிப் பாருங்க. கட்டை ஸ்குரூ லூசா? சரியான அகலத்து ஸ்குரூடிரைவர்ல இறுக்குங்க, ஆனா ஒண்ணு, பின் கட்டைக்குள்ள அதைப் புடிச்சிருக்கற நீளமான மரை போல்ட் ஒண்ணு இருக்கும், முன் கட்டையைக் கழட்டாம அதைத் திருப்பவே திருப்பாதீங்க, இந்தச் சாதி ரைபிள்ல அது முன் கட்டையைப் பொளந்துரும். சித்திரையில நல்லா இருந்து ஆனி ஆடியில மட்டும் மாறுதுன்னா கட்டை ஈரத்துல ஊதி பேரலை நெருக்குது, காயட்டும், ஆவணிக்குப் பாருங்க. இதெல்லாம் இல்லைன்னா பேரல் வாய் தேஞ்சிருக்கும். வாயைக் கொஞ்சம் அறுத்துட்டாச் சரியாயிரும்னு யாராவது ஹேக்ஸா பிளேடோட வந்தா வெரட்டி விடுங்க, பேரலைக் கொறைக்கறதுக்குத் தனி செக்சனே இருக்கு.

## கட்டை கறுத்து, எண்ணெய் கசிஞ்சு, விரிசல்

கறுப்புக்குக் காரணமும் பழைய எண்ணெய்தான். துப்பாக்கியைத் தலைகீழா, பேரல் கீழ பாக்க நிக்க வெச்சா எண்ணெய் கட்டைக்கு எறங்காது, இத்தனை நாளா எல்லாரும் நேரா நிக்க வெச்சு ஊற விட்டுட்டோம். வெயில்ல வெச்சுக் கசியறதைத் துணியால ஒத்தி எடுங்க, பல நாள் ஆகும். அப்பறம் ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையில நாலு சொட்டு, தேய்க்கத் தேய்க்கச் சூடு வரணும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க, தானாவே சூடாகித் தீப்புடிக்கும், விரிச்சுக் கொடியில காயப் போடுங்க.

மணிக்கட்டு மாதிரி ஒடுங்கற எடத்துல விரிசல்னா சுடக்கூடாது. வேற எங்க இருந்தாலும் அவசரம் இல்ல.

## இது வந்தா அன்னிக்கே நிறுத்துங்க

போல்ட்டை மூடும்போதோ, கட்டையைத் தரையில தட்டும்போதோ, சேப்டி போட்டிருக்கும்போதோ ஊசி தானா எறங்குது. ட்ரிகர் தொட்டாலே போகுது. யாரோ "லைட்"டாக்கறேன்னு ராவியிருப்பாங்க.

சத்தம் "பொஸ்"ஸுன்னு கம்மியா வந்துச்சு. குண்டு பேரலுக்குள்ளயே நிக்குது. அடுத்த தோட்டா போட்டீங்கன்னா முகத்துக்கு முன்னாடி பேரல் வெடிக்கும்.

சுட்ட கேஸோட அடிப்பக்கம் பளபளன்னு ஒரு வளையம், இல்ல மயிர் மாதிரி விரிசல். கேப்புல ஓட்டை, முகத்துல சூடா காத்து அடிக்குது.

இதுல எதுக்கும் வீட்டு வைத்தியம் கெடையாது.

## மிஸ்திரிகிட்ட கொண்டு போறப்ப

எங்க பக்கத்துல நெறையப் பேரு கோயமுத்தூர் கிட்டன்னு அங்க கெளம்பிடறாங்க. உங்க லைசன்ஸ்ல ஏரியா கேரளா மட்டும்னு இருந்தா வேலந்தாவளம் செக்போஸ்டைத் தாண்டுன நிமிசத்துல அது லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி, வாளையார் வழியாப் போனாலும் அதே கதைதான். மூணு கிலோமீட்டர்தான்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. இந்தப் பக்கமே பாருங்க, இல்லைன்னா ஏரியா சேத்து வாங்கிட்டுப் போங்க.

கடையில ரிப்பேர் லைசன்ஸ் மாட்டியிருக்கான்னு பாத்துட்டு, குடுக்கும்போதே துப்பாக்கி நம்பர், தேதி, என்ன வேலைன்னு எழுதி ரசீது வாங்குங்க. வேலை முடியற வரைக்கும் லைசன்ஸோட அந்த ரசீதுதான் உங்க துப்பாக்கி எங்க இருக்குங்கறதுக்குச் சாட்சி. போறதுக்கு முன்னாடி போல்ட்டை மண்ணெண்ணெய்ல கழுவிட்டுப் போங்க, அழுக்கோட குடுத்தா அழுக்கு எடுக்கறதுக்கும் சேத்துப் பில்லு வரும், ஸ்பிரிங் நல்லாவே இருந்தாலும் மாத்துனதா எழுதற ஆளும் உண்டு. மாத்துன பழைய பார்ட்ஸைக் கேட்டு வாங்கிக்குங்க. போன தையில ஒரு சேட்டனுக்கு மெயின் ஸ்பிரிங், கொக்கி, கழுவுன கூலி எல்லாம் சேத்து 4,800 போட்டிருந்தாங்க, பழைய ஸ்பிரிங்கைக் குடுங்கன்னு நின்னதுக்கப்பறம் 2,100 ஆச்சு.

அப்புச்சி நோட்டுல ரிப்பேர்னு தேடிப் பாத்தேன், 1974-ல ஒரே ஒரு வரி இருக்கு: "ரைபிள் கழுவ 3, பஸ் 1.40, காப்பி 0.30".